ஒன்பதாவது சிப்

"ஈசிசின்னா ஈசிசிதான் தம்பி, அதுல என்னா ரெண்டு ரகம்?"

சர்வீஸ் அண்ணன் சொன்ன இந்த ஒரு வரிதான் என்னைக் கிளப்பிவிட்டது. கீழ்பென்னாத்தூர் வட்டாரத்தில் கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஒரு விஷயத்தை அவர் இவ்வளவு உறுதியாகச் சொன்னால், அதற்கு மேல் பேச ஊரில் ஆள் கிடையாது. எனக்கோ அந்த உறுதிதான் உறுத்தியது.

சித்தப்பா மகனான என் தம்பி இங்கே ஸ்டுடியோ வைத்திருக்கிறான். ஆவணி, தை முகூர்த்தங்களை நம்பி ஓடுகிற தொழில். இப்போது எல்லாக் கல்யாண வீட்டிலும் 4கே வீடியோ கேட்கிறார்கள். சென்னையில் பழசு வாங்கி விற்கும் ஒரு கடையிலிருந்து எச்பி இசட்420 ஒன்றை வரவழைத்திருந்தான். கம்பெனிகள் சில வருஷம் ஓட்டிவிட்டுக் கழித்துக்கட்டும் இந்த வர்க்ஸ்டேஷன்கள்தான் நம் சிற்றூர் ஸ்டுடியோக்களுக்கு வரப்பிரசாதம். அதில் இருந்த ராம் போதவில்லை என்று இன்னொரு கடையில் 8 ஜிபி குச்சிகள் நான்கு வாங்கினான். விலை அவ்வளவு மலிவு. டிடிஆர்3 என்றும், தப்பைத் தானே திருத்தும் ஈசிசி வகை என்றும் பில்லிலேயே எழுதியிருந்தது. ஸ்லாட்டில் வைத்து அழுத்தியதும் இரண்டு பக்கக் காதுகளும் 'டக்'கென்று பூட்டிக்கொண்டன. பவர் பொத்தானை அமுக்கினால் சிவப்பு விளக்கு ஐந்து முறை மினுக்கியது, கூடவே ஐந்து பீப். திரை இருட்டு. இந்த மாடலில் ஐந்து பீப் என்றால் ராமில் கோளாறு என்று அர்த்தம்.

சர்வீஸ் அண்ணன் வந்தார். சட்டைப்பையிலிருந்து அழிரப்பரை எடுத்தார். ராமின் தங்க முலாம் பூசிய பற்களை ரப்பரால் தேய்த்துவிட்டு மாட்டினால் பாதிக் கம்ப்யூட்டர் உயிர்த்துவிடும் என்பது அவர் அனுபவம். அதைப் பொய் என்று சொல்ல மாட்டேன். ஒவ்வொரு குச்சியாகத் தேய்த்தார். ஒவ்வொரு ஸ்லாட்டாக மாற்றினார். அந்த போர்டில் எட்டு ஸ்லாட், பிராசஸருக்கு இந்தப் பக்கம் நான்கு, அந்தப் பக்கம் நான்கு. நாணய அளவு பேட்டரியைக் கழற்றி வைத்துக் காத்திருந்து மறுபடி போட்டார். பயாஸைப் புதுப்பித்தார். பழைய குச்சிகளைப் போட்டால் மெஷின் ஒழுங்காக எழுந்தது. புதுசைப் போட்டால் ஐந்து பீப். பழசும் புதுசும் கலந்தாலும் ஐந்து பீப்.

காரணங்கள் மட்டும் அவரிடம் தீரவே இல்லை. கரண்ட் ஏற்ற இறக்கம் என்றார். வேறு வேறு கம்பெனி ராம் ஒத்துப்போகாது என்றார். பழசு 1600, புதுசு 1333, வேகம் சேரவில்லை என்றார். வேகம் குறைந்த ராம் வந்தால் எல்லாம் அந்த வேகத்துக்கு இறங்கி ஓடுமே தவிர, மெஷின் எழாமல் போகாது. இதை நான் சொன்னபோது அவர் ரப்பரை மறுபடி கையில் எடுத்துக்கொண்டு, "குச்சி நல்ல குச்சி, நான் சொல்றன்" என்றார். அவரோடு பேசிப் பயனில்லை என்று தோன்றியது.

குச்சிகளைத் தம்பியின் மேக்ரோ லென்ஸின் கீழ் வைத்தோம். மோதிரத்தையும் தாலியையும் நெருக்கமாக எடுக்கிற லென்ஸ் அது. ஸ்டிக்கரில் இருந்த பொடி எழுத்து திரை முழுக்க விரிந்தது. பழைய குச்சியில் 'பிசி3-12800ஈ'. புதிய குச்சியில் 'பிசி3-10600ஆர்'. எண்கள் வேகத்தைச் சொல்பவை. விஷயம் அந்தக் கடைசி எழுத்தில் இருந்தது. பழசில் ஒரு பக்கத்துக்கு ஒன்பது கறுப்பு சிப், ஆகப் பதினெட்டு. புதுசில் முப்பத்தாறு. அதோடு நடுவில் மற்றவற்றோடு ஒட்டாத சாயலில் தனியாக இன்னொன்று. அதுதான் ரெஜிஸ்டர். 'ஆர்' என்பது அதைத்தான் குறிக்கிறது.

எந்த முகவரியில் படிக்க வேண்டும், எங்கே எழுத வேண்டும் என்ற கட்டளை, குச்சியில் உள்ள எல்லா சிப்புக்கும் போய்ச் சேர வேண்டும். சிப் கூடக் கூட, கட்டளையைச் சுமக்கும் மின்சமிக்ஞை பலவீனமாகிறது. மேல்நிலைத் தொட்டித் தண்ணீர் கடைசித் தெருக் குழாய்க்கு வரும்போது சொட்டாகிவிடுவது போலத்தான். சர்வர்களில் ஸ்லாட்டும் அதிகம், சிப்பும் அதிகம். அதனால் ரெஜிஸ்டர் நடுவில் நின்று கட்டளையை வாங்கி, ஒரு கடிகாரத் துடிப்பு நேரம் வைத்திருந்து, புதுத் தெம்போடு அனுப்புகிறது. இந்த ஒரு துடிப்புத் தாமதத்தை எதிர்பார்க்கும் போர்டில்தான் 'ஆர்' குச்சி ஓடும். 'ஈ' குச்சியில் நடுவே யாரும் கிடையாது, கட்டளை நேராகச் சிப்புக்குப் போகிறது. இரண்டுமே ஈசிசி. இரண்டுக்கும் 240 பின், ஒரே இடத்தில் பள்ளம். அதனால்தான் ஸ்லாட் மறுக்கவில்லை. இசட்620, இசட்820 ஆகிய அண்ணன்மார்கள் 'ஆர்' வகையை ஏற்பார்கள். இசட்420க்கு ரெஜிஸ்டர் இல்லாத ஈசிசிதான் என்று தயாரிப்பாளரின் கையேட்டிலேயே இருக்கிறது. மலிவு விலையின் ரகசியமும் பிடிபட்டது. டேட்டா சென்டர்கள் சர்வர்களைக் கொத்துக்கொத்தாகக் கழிக்கும்போது சந்தையில் வந்து குவிவது 'ஆர்'தான்.

இங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் அந்த ஒன்பது என்னை விடவில்லை. ஒரு பைட்டுக்கு எட்டு பிட்தானே? எட்டு சிப் போதுமே?

அப்போதுதான் பெரியப்பா நினைவுக்கு வந்தார். 1980களின் கடைசியில், வங்கிகளுக்குள் கம்ப்யூட்டர் நுழைந்த காலத்தில், சென்னையில் ஒரு வங்கியில் இருந்தவர். லீவுக்கு ஊருக்கு வந்தால் திண்ணையில் உட்கார்ந்து மல்லாட்டை உரித்தபடி, "அந்த மெஷின் தப்பு பண்ணிட்டா 'பாரிட்டி செக்'னு எழுதிட்டுக் கைகட்டி நின்னுடும். அதுக்கப்புறம் ஒரு எழுத்து அடிக்க முடியாது" என்பார். நாங்கள் அதைக் கதை என்று நினைத்தோம். கதை இல்லை. 1981இல் வந்த ஐபிஎம் பிசியில் நினைவக சிப்புகள் ஒன்பது ஒன்பதாகத்தான் வரிசை கட்டி நின்றன. எட்டில் தகவல், ஒன்பதாவதில் காவல். எட்டில் ஒரு பிட் புரண்டாலும், அதாவது 0 1ஆகவோ 1 0ஆகவோ மாறினாலும், கணக்கு இடிக்கும். உடனே 'பாரிட்டி செக் 1' அல்லது 'பாரிட்டி செக் 2' என்று திரையில் வரும், மெஷின் நின்றுவிடும். முதலாவது என்றால் தாய் போர்டிலுள்ள நினைவகத்தில் தப்பு, இரண்டாவது என்றால் கூடுதலாகச் செருகிய அட்டையில். எந்த பிட் புரண்டது என்று அதற்குத் தெரியாது.

அது தெரியவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர் பெல் ஆய்வகத்தின் ரிச்சர்ட் ஹாமிங். 1947இல் வார இறுதிகளில் ஆளில்லாமல் ஓடவிட்ட ரிலே கணினி, தப்பைக் கண்டதும் அவர் வேலையைக் கைவிட்டுவிடும். திங்கட்கிழமை வந்து பார்த்தால் ஒன்றும் முடிந்திருக்காது. தப்பு நடந்ததைக் கண்டுபிடிக்கிற இயந்திரம், நடந்த இடத்தையும் கண்டுபிடித்துத் திருத்தக் கூடாதா என்று யோசித்து, அவர் 1950இல் வெளியிட்டதுதான் ஹாமிங் குறியீடு. அதே வழிதான் இன்றைய ஈசிசி ராமிலும்: 64 பிட்டுக்கு 8 காவல் பிட், மொத்தம் 72. ஒரு பிட் புரண்டால் தானே திருத்திக்கொள்ளும், இரண்டு புரண்டால் கூச்சல் போடும். தம்பியின் குச்சியில் ஒவ்வொரு வரிசையிலும் ஒன்பதாவதாக உட்கார்ந்திருப்பது ஹாமிங்கின் அந்தத் திங்கட்கிழமைக் கோபம்.

சரி, பிட் ஏன் புரள வேண்டும்? 1978இல் இன்டெலின் நினைவக சிப்புகள் காரணமில்லாமல் தப்புச் செய்தன. டிமோதி மே, மரே வுட்ஸ் என்ற இருவர் துருவியதில் சிப்பைப் பொதிந்திருந்த செராமிக் உறையிலேயே கதிரியக்கம் இருப்பது தெரிந்தது. அந்த உறைத் தொழிற்சாலை, அமெரிக்காவின் கிரீன் நதிக்கரையில், ஒரு பழைய யுரேனியச் சுரங்கத்துக்குக் கீழ்ப்புறம் இருந்தது. ஆற்றுத் தண்ணீரோடு வந்த துளி யுரேனியம் உறையில் கலந்து, ஆல்ஃபா துகள்களைச் சிப்புக்குள் எய்துகொண்டிருந்தது! இதைப் படித்ததும் ஜன்னல் வழியே திருவண்ணாமலைப் பக்கம் பார்த்தேன். பாறை எதிலும் யுரேனியமும் தோரியமும் கொஞ்சம் இருக்கும் அல்லவா? ஆனால் ஆல்ஃபா துகளை ஒரு தாளே தடுத்துவிடும். வெளியிலிருந்து வந்து சிப்பின் உறையைத் துளைக்க அதற்கு வலு கிடையாது. அண்ணாமலையார் மேல் பழி போட முடியாது.

ஸ்டுடியோவுக்கு இந்த ஒன்பதாவது சிப் அவசியமா என்றால், இல்லை என்றுதான் சொல்வேன். மணப்பெண்ணின் பட்டில் ஒரு புள்ளி நிறம் மாறினால் யாருக்கும் தெரியாது. பெரியப்பாவின் லெட்ஜரில் மாறினால் விபரீதம். 2003இல் பெல்ஜியத்தின் ஸ்கார்பேக் பகுதியில் நடந்த தேர்தலில் ஒரு வேட்பாளருக்குச் சரியாக 4096 ஓட்டு கூடுதலாக விழுந்தது. கிடைத்திருக்கக்கூடிய ஓட்டுகளைவிட எண்ணிக்கை அதிகமாக இருந்ததால் மாட்டிக்கொண்டது. 4096 என்பது இரண்டின் பன்னிரண்டாம் அடுக்கு. தானாகப் புரண்ட ஒரே ஒரு பிட்தான் காரணம் என்ற முடிவுக்கு வந்தார்கள்.

அந்த நான்கு குச்சிகளையும் சர்வீஸ் அண்ணன் திருவண்ணாமலையில் தெரிந்தவர் வைத்திருந்த பழைய சர்வரில் போட்டுப் பார்த்தார். சமர்த்தாக ஓடின. "குச்சி நல்ல குச்சின்னு சொன்னன்ல?" என்றார். சொன்னார்தான். அதில் அவரிடம் தப்பில்லை.

இந்தக் குழப்பம் புதிய டிடிஆர்5இல் இல்லை: 'ஆர்' வகைக்கு 12 வோல்ட், சாதாரண வகைக்கு 5 வோல்ட். அதனால் பள்ளத்தின் இடத்தையே மாற்றிவிட்டார்கள், ஒன்றின் ஸ்லாட்டில் இன்னொன்று இறங்காது. டிடிஆர்3, டிடிஆர்4 வாங்குகிறவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆகவே பணம் அனுப்பும் முன் ஸ்டிக்கரைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கடைசி எழுத்து ஈயா, ஆரா, ஈசிசி இல்லாத சாதாரண யூவா என்று பார்த்து, உங்கள் மெஷினின் கையேட்டோடு ஒப்பிடுங்கள். படம் அனுப்பத் தயங்குகிற கடையில் வாங்காதீர்கள்.