தருமமா, கடனா?

இங்கிலாந்தில் நான் தேனீ வளர்க்கிறேன். இலையுதிர்காலம் வந்ததும் பெட்டிகளைத் தூக்கிப் பாரம் பார்ப்பேன். குளிர்காலத்தைக் கடக்க ஒரு கூட்டத்திற்கு ஏறத்தாழ 20 கிலோ தேன் வேண்டும். குறைந்தால், 1 லீற்றர் நீரில் 2 கிலோ சீனி கரைத்து வைப்பேன். குளிர் முற்றிவிட்டால் அவற்றால் பாகின் நீரை வற்றச்செய்து சேமிக்க இயலாது. எலி நுழையாதபடி வாயிலில் துளையிட்ட தகடும் பொருத்துவேன்.

“உங்கள் தயவில் அவை பிழைக்கின்றன” என்றார் ஒரு நண்பர்.

தயவா? கோடையில் உழைக்கும் தேனீயின் ஆயுள் ஏறத்தாழ 6 வாரம். தான் காணாத குளிர்காலத்தில் வாழப்போகும் தங்கையருக்காகத் தேன் சேர்த்துவைத்து அது மாண்டுபோகிறது. அத்தேனை எடுத்துக்கொள்பவன் நான். எடுத்ததில் ஒரு பங்கைச் சீனியாகத் திருப்பிக் கொடுப்பதற்குத் தருமம் என்று பெயரிடலாமா? உழைத்தவனின் களஞ்சியத்தை வாரிக்கொண்டு, பின்னர் அவனுக்கே கஞ்சித்தொட்டி திறப்பவனும் தன்னை வள்ளல் என்றுதான் சொல்லிக்கொள்கிறான்.