என்லார்ஜரின் மூன்று தளங்கள்

என்லார்ஜரில் போட்ட பிரிண்டின் ஓரம் மங்கியிருந்தால் உடனே லென்ஸைக் குறைசொல்வதும், குறையை மறைக்க அதன் துளையை எஃப் 11, எஃப் 16 என்று சுருக்கிவிடுவதும் இன்று இருட்டறைக்குப் புதிதாக வருவோரிடம் வழக்கமாகிவிட்டன. ‘என்லார்ஜர் என்றாலே ஓரம் அப்படித்தான் இருக்கும்’ என்று ஸ்கேனரோடு ஒப்பிட்டுப் பேசுவோரும் உண்டு. அந்தப் பேச்சு ஒரு நல்ல கருவிக்கும், அதில் உழைத்துத் தேர்ந்த கைகளுக்கும் இழைக்கப்படும் அநீதியாகும். பெரும்பாலான என்லார்ஜர்களில் பழுது லென்ஸில் இல்லை. நெகட்டிவ் இருக்கும் தளம், லென்ஸ் பொருந்தும் தளம், தாளைப் பிடித்து வைக்கும் ஈசலின் தளம் ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று இணையாக இல்லாததே பழுது.

தளங்கள் சாயும்போது கூர்மை எங்கே விழும் என்பதைச் சொல்லும் விதி, ஆஸ்திரியப் படை அதிகாரி தியோடர் ஷைம்ஃப்ளுக்கின் பெயரால் வழங்குகிறது. ஆனால் வான்வழிப் படங்களைத் திருத்துவதற்காக அவர் 1904-இல் காப்புரிமை பெறுவதற்கு முன்பே, லூமியேர் சகோதரர்களின் சினிமா கருவியைத் தயாரித்துக் கொடுத்த பிரெஞ்சுப் பொறியாளர் ஜூல் கார்ப்பாந்தியே, 1901-ஆம் ஆண்டின் என்லார்ஜர் காப்புரிமை ஒன்றில் அதைக் கையாண்டிருந்தார். என்லார்ஜருக்காகவே எழுந்த விதி அதைப் பயன்படுத்துவோராலேயே மறக்கப்பட்டிருப்பது வருத்தத்திற்குரியது.

மூன்று தளங்களில் நெகட்டிவ் தளமே பிடிகொடுக்காதது. 35 மி.மீ. நெகட்டிவை எட்டு மடங்கு பெரிதாக்கும்போது, நெகட்டிவின் ஒரு விளிம்பு ஓர் எழுதுதாளின் கனமான 0.1 மி.மீ. அளவு தாழ்ந்தாலும், ஈசலில் கூர்மை விழும் இடம் எட்டின் வர்க்கமாகிய 64 மடங்கு, அதாவது 6.4 மி.மீ. விலகிவிடும். கையில் வைத்துப் பார்க்கும் பிரிண்டில் 0.2 மி.மீ. வரையிலான மங்கலைக் கண் பொறுக்கும் என்று கொண்டால், எஃப் 2.8-இல் கூர்மைக்குக் கிடைக்கும் இடைவெளி மேலும் கீழும் ஏறத்தாழ 5 மி.மீ. மட்டுமே, எஃப் 8-இல் அது 14 மி.மீ. ஆகிவிடுவதால் பிழை மறைகிறதே தவிர, தீர்வதில்லை. மேலும் சுருக்கி எஃப் 16-க்குப் போனால், சிறு துளையின் விளிம்பில் ஒளி வளைந்து பரவுவதாலேயே ஒவ்வொரு புள்ளியும் ஏறத்தாழ 0.2 மி.மீ. அகலத்திற்கு விரிந்துவிடும். ஓரத்தைக் காப்பாற்றப்போய்ப் படம் முழுவதன் கூர்மையையும் பறிகொடுக்கும் இந்தக் குறுக்குவழியைச் சிலர் திறமையென்று கற்பித்தும் வருகின்றனர்.

ரசமட்டம் வைத்துப் பார்ப்பது தொடக்கத்திற்கு உதவும், 0.1 மி.மீ. பிழையை அது காட்டாது. மேசை தரைக்கு மட்டமாக இருக்கவேண்டிய அவசியமும் இல்லை, தளங்கள் தமக்குள் இணையாக இருந்தால் போதும். ஒரு கண்ணாடியை ஈசலில் கிடத்தி, நடுவே சிறிது ரசம் சுரண்டப்பட்ட இன்னொரு கண்ணாடியை நெகட்டிவ் தளத்திலும், பின்னர் லென்ஸ் பொருந்தும் வளையத்திலும் கீழ்நோக்கி வைத்து, சுரண்டிய துளை வழியே பார்த்தால், பிம்பத்துக்குள் பிம்பமாக ஒரு நீண்ட வரிசை தெரியும். அது ஒருபக்கமாக வளைந்து ஓடினால் சாய்வு உண்டு. எல்லாம் ஒரே மையத்தில் அடங்கினால் தளங்கள் இணை. தலைப்பகுதியை ஏற்றி இறக்கும்போது தூண் வளையக்கூடுமாதலால், வழக்கமாகப் பிரிண்ட் போடும் உயரத்திலேயே இதைப் பார்க்கவேண்டும்.

இறுதித் தீர்ப்பைத் தருவது கீறிய நெகட்டிவ். முழுதும் வெளிச்சம் பட்டுக் கறுத்த பிலிம் துண்டில், மூலைக்கு மூலை ஊசியால் கோடிழுத்து, லென்ஸை முழுத்துளையில் திறந்து, பிலிமின் துகள்களைப் பெருக்கிக் காட்டும் கிரெயின் ஃபோக்கஸரின் துணையால் நடுவில் கூர்மை பிடிக்கவேண்டும். சரியாக அமைந்த இடத்தில் கீறல் வெறும் வெள்ளைக் கோடாகத் தெரியாது. ஊசி கிழித்த எமல்ஷனின் பிசிறுகள் ஒவ்வொன்றாக எண்ணும்படி நிற்கும். பின்பு ஃபோக்கஸரை ஓரத்திற்கு நகர்த்தி, பிசிறு மங்கினால் அதன் அடியில் அட்டைகளை ஒவ்வொன்றாக அடுக்கி, மீண்டும் தெளியும் உயரத்தை அளந்து 64-ஆல் வகுத்தால், நெகட்டிவ் தளத்தில் திருத்தவேண்டிய அளவு கிடைத்துவிடும். தலைப்பகுதியின் திருகுக்கு அடியில் வைக்கும் மெல்லிய பித்தளைத் தகட்டின் கனம், அந்தத் திருகு மையத்திலிருந்து தள்ளியிருக்கும் விகிதத்தில் கூடும். ஒரு பக்கம் உயர்த்தும்போதும் எதிர்ப்பக்கம் தாழ்த்தும்போதும் தெளிந்தால் அது சாய்வு. நான்கு மூலைகளும் ஒன்றுபோல் மங்கினால், பல்பின் சூட்டில் நெகட்டிவ் வளைகிறது அல்லது லென்ஸின் பார்வைப்புலமே வளைவுடையது என்று பொருள். இந்த வேறுபாட்டை அறியாமல் தகடு வைப்பவர் ஒரு பிழையை இரண்டாக்குகிறார்.

நெகட்டிவ் வளைவைக் கண்ணாடிச் சட்டம் அடக்கும்; ஆனால் ஈரக்காற்றுள்ள நாட்களில் பிலிமும் கண்ணாடியும் ஒட்டி நியூட்டன் வளையங்கள் தோன்றுவதால், மேல்கண்ணாடி நுண்சொரசொரப்புள்ளதாக இருக்கவேண்டும்.

என்லார்ஜர் இடம் மாறினாலும், தலைப்பகுதி கழற்றி மாட்டப்பட்டாலும் இந்தச் சோதனையைத் திரும்பச் செய்யவேண்டும். புது லென்ஸுக்கென்று பணம் ஒதுக்கிவைத்திருப்போர், அதைச் செலவழிக்கும் முன் ஒரு மாலைப்பொழுதை இரண்டு கண்ணாடிகளுக்கும் ஒரு கீறிய பிலிமுக்கும் ஒதுக்கிப் பார்க்கட்டும்.