1155 பின்களும் ஓர் ஆரி ஊசியும்

2025 டிசம்பரில் அந்தச் செய்தியைப் படித்தேன். செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை வாரிக்கொண்டு போவதால் ரேம் விலை ஏறிக்கொண்டே இருந்தது. மைக்ரான் நிறுவனம் ‘க்ரூஷியல்’ என்ற பெயரில் பொதுமக்களுக்கு விற்றுவந்த ரேமையே நிறுத்தப்போவதாக அறிவித்திருந்தது. அதற்கு இரண்டு மாதம் முன்னால்தான், அக்டோபர் 14ஆம் தேதியோடு, விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டிருந்தது. எங்கோ நடக்கிற இந்த இரண்டும் சேர்ந்து என் அக்கா மகன் தலையில் விழுந்தன.

அவன் பாலிடெக்னிக் முதலாண்டு. முகூர்த்த நாட்களில் கேட்டரிங் வேலைக்குப் போய், இலை எடுத்து, பந்தி பரிமாறி 5,500 ரூபாய் சேர்த்திருந்தான். வீட்டில் இருப்பது அத்தான் 2012இல் வாங்கிய டெஸ்க்டாப். எச்61 போர்டு, கோர் ஐ3 2120 ப்ராசஸர், 4 ஜிபி ரேம். அதில் ஜிடிஏ 5 விளையாட வேண்டும் என்பது அவன் ஆசை. தானே திறந்து தூசி தட்டுகிறேன் என்று ப்ராசஸரைக் கழற்றியவன், திரும்ப வைக்கும்போது கை நழுவ விட்டுவிட்டான். அதன்பிறகு இரண்டு ரேம் ஸ்லாட்டில் ஒன்று வேலை செய்யவில்லை. பக்கத்துக் கடை ஒன்றில் காட்டினான். “போர்டு போச்சு, புது செட் 22,000 ஆகும்” என்றார்கள். பையன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்று அக்கா ஃபோனில் சொன்னாள்.

நண்பர் ஒருவர் சென்னை ரிச்சி தெருவில் ஒரு மெக்கானிக்கைக் காட்டினார். அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி, அண்ணா சாலையின் இரைச்சலை விட்டு உள்ளே திரும்பினால், கேமரா, வயர், எல்இடி, சார்ஜர் என்று கடைகள் தெருவிலேயே வழிந்து கிடக்கும். அதற்கு நடுவே ஒரு படிக்கட்டு. ஒருவர் இறங்கினால் இன்னொருவர் ஏற முடியாது. மாடியில் ஒரு மேசை, ஒரு விளக்கு, சுவரெல்லாம் போர்டுகள். “பேரு எல்லாம் வேணாம் சார், வேலையைப் பாருங்க” என்றார் அவர். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும்.

முதலில் பையனிடம் என்ன வேண்டும் என்று கேட்டார். வீடியோக்களில் பார்த்த ஐ7 3770 ப்ராசஸர் வேண்டும் என்றான். கேட்டுவிட்டு மெல்லத் தலையசைத்தார்.

“ப்ராசஸருக்கே முழுக் காசையும் கொட்டிட்டா, படம் வரையுற ஆளுக்கு என்ன குடுப்ப தம்பி? உன் கேமுக்கு கம்பெனிக்காரனே ஐ5 3470 போதும்னு எழுதியிருக்கான். அதோட 8 ஜிபி ரேம், ஒரு கிராபிக்ஸ் கார்டு. அதுதான் கணக்கு.”

உண்மைதான். 2015இல் அந்த விளையாட்டு கம்ப்யூட்டருக்கு வந்தபோது பரிந்துரைத்த ப்ராசஸர் ஐ5 3470. பையனின் போர்டில் இருக்கும் 1155 சாக்கெட்டிலேயே அது உட்காரும். ஐ3இல் இரண்டு கோர், இதில் நான்கு. கார்டுக்கு ஜிடிஎக்ஸ் 750 டிஐ சொன்னார். அது 60 வாட்தான் இழுக்கும். ஸ்லாட்டே 75 வாட் கொடுக்கும். தனியாக ஒரு வயர் தேவையில்லை. “உங்க எஸ்எம்பிஎஸ் மேல 450 வாட்னு ஸ்டிக்கர் இருக்கு. ஸ்டிக்கரை நம்பி நான் பெரிய கார்டு போட மாட்டேன்” என்றார். விலை கூடிய பொருளை விற்றிருந்தால் அவருக்கும் நாலு காசு கூட வந்திருக்கும். பையனின் 5,500க்குள் கணக்கை முடிப்பதுதான் அவருக்கு முக்கியமாக இருந்தது.

பிறகு போர்டை எடுத்தார். ஹீட் சிங்க்கைக் கழற்றி, காய்ந்து பொருக்குத் தட்டியிருந்த பேஸ்ட்டைத் துடைத்து, சாக்கெட்டின் கம்பியைத் தூக்கினார். கட்டை விரல் நகங்கள் நாலைந்தைச் சேர்த்து வைத்த அளவுதான் அந்தச் சதுரம். அதற்குள் 1155 பின்கள். ஒவ்வொன்றும் வளைந்து நிற்கும் தங்க முலாம் பூசிய ஸ்பிரிங். விளக்கைச் சாய்த்துப் பிடித்து, கண்ணில் லென்ஸை வைத்துக்கொண்டு, போர்டை மெதுவாகத் திருப்பினார். நாற்று நட்ட வயலில் காலை வெயில் படுவதுபோல, வரிசை வரிசையாக ஒளி நகர்ந்தது. ஒரு மூலையில் மட்டும் வரிசை உடைந்தது.

“பாத்தீங்களா? மூணு பின்னு படுத்துக்கிச்சு. ரேமுக்குப் போற லைன் அது. போர்டு நல்லாத்தான் சார் இருக்கு.”

22,000 ரூபாய் என்று சொல்லப்பட்ட நோய் அதுதான்.

மேசை டிராயரிலிருந்து மரப்பிடி போட்ட ஓர் ஊசியை எடுத்தார். எனக்கு அதை எங்கோ பார்த்த ஞாபகம். பிளவுஸில் ஆரி வேலை செய்கிற ஊசி. அவர் மனைவி வீட்டில் ஆரி வேலை செய்கிறார். நுனி உடைந்து ஒதுக்கிய ஊசியை இவர் எடுத்துவந்து, மீதமிருந்த கொக்கியை உப்புத்தாளில் தேய்த்து மழுக்கி, பின் நிமிர்த்தும் கருவியாக்கிக்கொண்டார். கடையில் விற்கிற எந்த ட்வீசரும் இந்தப் பிடிப்பைத் தராது என்கிறார். “துணியில நூலை எடுக்கிற மாதிரிதான். இழுக்கக் கூடாது, சொல்லிக் குடுக்கணும்.”

மூச்சை அடக்கிக்கொண்டு, படுத்திருந்த பின்னின் அடியில் ஊசியை நுழைத்து, ஒரு முடி அளவு தூக்கினார். நிறுத்தினார். விளக்கைச் சாய்த்துப் பார்த்தார். இன்னொரு முடி அளவு. ஒரேயடியாகத் தூக்கினால் பின் ஒடிந்துவிடும்; ஒடிந்தால் போர்டு நிஜமாகவே போய்விடும். மூன்று பின்னுக்கு நாற்பது நிமிடம். பையன் அசையாமல் நின்றான். கடைசியில் அவர் விளக்கைத் திருப்பியபோது வெளிச்சம் எங்கும் தடுக்காமல் ஓடியது.

அதன்பின் நடந்ததில் எனக்குப் பாதிதான் பிடிபட்டது. பழைய ஐ3ஐயே திரும்ப மாட்டி, இரண்டு ஸ்லாட்டும் ஓடுகிறதா என்று பார்த்தார். பிறகு பென் டிரைவிலிருந்து பயாஸைப் புதுப்பித்தார். 2011இல் வந்த போர்டுகள் பலவற்றுக்கு 2012இன் சில்லைத் தெரியாது. பழைய ப்ராசஸர் இருக்கும்போதே அறிமுகம் செய்துவைக்க வேண்டும். அந்தச் சில நிமிடங்கள் மட்டும் யுபிஎஸ் மேல் ஒரு கையை வைத்தபடியே இருந்தார். நடுவில் கரண்ட் போனால் போர்டு ஊமையாகிவிடுமாம்.

ஐ5ஐ வைக்கும்போது பையனையே வைக்கச் சொன்னார். மூலையிலிருந்த தங்க முக்கோணத்தைக் காட்டி, “அதைப் பாத்து வை. அமுக்காத. தானா உக்காரும்” என்றார். நழுவ விட்ட அதே கைதான் வைத்தது.

காத்திருந்த நேரத்தில் அவர் கதையைக் கேட்டேன். புதுப்பேட்டைக்காரர். அப்பா ரேடியோ மெக்கானிக். பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு இந்தத் தெருவுக்கு ஸ்பீக்கர் பெட்டி தூக்க வந்தவர், டிவியில் சால்டரிங் பழகி, தொண்ணூறுகளின் கடைசியில் கம்ப்யூட்டருக்கு மாறினார். பென்டியம் 4 காலத்தில் ஒரு நாளைக்கு எட்டு, பத்து செட் மாட்டியிருக்கிறார். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு ஒரு மாதம் வீட்டுக்கே ஒழுங்காகப் போகவில்லை. சேறு படிந்த போர்டுகள் மூட்டை மூட்டையாக வந்தன. டூத் பிரஷ்ஷும் ஐபிஏ (ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்) திரவமும் வைத்துக் கழுவி, காயவைத்து, உயிர் வந்ததையெல்லாம் திருப்பிக் கொடுத்தார்.

“இப்ப வேலை குறையுது சார். லேப்டாப்ல ப்ராசஸரை போர்டோட ஒட்டியே அனுப்பிடறான். மாத்தணும்னா போர்டையே மாத்து. சாக்கெட்டே இல்லாத இடத்துல எனக்கு என்ன வேலை?” இன்டெலின் நான்காம் தலைமுறைக்குப் பிறகு வந்த பெரும்பாலான லேப்டாப்களில் ப்ராசஸரைக் கழற்றி மாற்றவே வழியில்லை. ஒரு தொழில் அருகிப்போவதன் காரணம் அவ்வளவு சின்னது: ஒரு சாக்கெட்டை எடுத்துவிட்டார்கள்.

இந்த ஐ5 சில்லு எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். அப்போதுதான் குரல் மாறியது. பெரிய நிறுவனங்கள் வாரண்டி முடிந்ததும் கம்ப்யூட்டர்களை லாட் லாட்டாக ஏலம் விடுகின்றன. லாட் எடுப்பவர் ஒருவர். அவரிடமிருந்து வாங்கிப் பிரிப்பவர் ஒருவர். பிரித்ததை ஊருக்கு அனுப்புபவர் இன்னொருவர். ஓடுமா, ஓடாதா என்று ஒவ்வொன்றையும் மாட்டிப் பார்த்துச் சொல்வது இவரைப் போன்றவர்கள். ஒரு பீஸுக்கு 40 ரூபாய் கூலி. இவர் “ஓடும்” என்ற ஒரு சொல்லைச் சொன்னதும், கிலோ விலையில் வந்த இரும்பு ஆயிரக்கணக்கில் விலைபோகும் சரக்காகிறது. அந்தச் சொல்லுக்குத்தான் 40 ரூபாய்.

எனக்குக் கோபம் வருகிறது. 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் மின்கழிவு மேலாண்மை விதிகள், மின்கழிவுத் தொழிலில் ஈடுபடும் தொழிலாளர்களை அடையாளம் கண்டு பதிவுசெய்து, திறன் பயிற்சி தரும் பொறுப்பை மாநில அரசுகளிடம் கொடுத்திருக்கின்றன. முப்பது வருடமாக இந்த மேசையில் உட்கார்ந்திருப்பவரிடம் இன்றுவரை ஓர் அட்டைகூட இல்லை. எந்தப் பயிற்சியும் அவரைத் தேடி வரவில்லை. அவரிடம் கற்றுக்கொள்ளவும் யாரும் வரவில்லை. போர்டு போச்சு என்று சொல்வதற்கு ஒரு நொடி போதும். அப்படிச் சொல்லித்தான் ஒரு கடை ஓர் ஏழைப் பையனிடம் 22,000 ரூபாய்க்கு வாய் திறக்கிறது. போகவில்லை என்று கண்டுபிடிக்க நாற்பது நிமிடம் மூச்சடக்க வேண்டியிருக்கிறது. நாம் பொருளுக்குக் காசு கொடுக்கப் பழகியிருக்கிறோம். அதைப் பிழைக்கவைத்த கைக்குக் கொடுக்கப் பழகவில்லை. ஆரி வேலை செய்யும் அவர் மனைவியிடமும், ‘நூல் விலை இவ்வளவுதானே’ என்று பேரம் பேசிவிட்டுத்தானே வருகிறோம்?

கம்ப்யூட்டர் அரைமணி நேரம் முழுச் சுமையில் ஓடியது. திரையில் 8 ஜிபி என்று வந்தபோது பையன் என் கையைப் பிடித்துக்கொண்டான். கிளம்பும்போது அவர் அவனிடம், “இதுல விண்டோஸ் 11 முறையா ஏறாது. விளையாடு. பேங்க் வேலை, பாஸ்வேர்டு எல்லாம் இதுல வெச்சுக்காத” என்றார்.

கீழே கடையில் பில் போட்டார்கள். ப்ராசஸர் 1,400. ரேம் 700. கிராபிக்ஸ் கார்டு 2,700. பேஸ்ட் 100. மாடிக்காரர் தன் கூலியாகச் சொல்லியனுப்பியது 300. அந்த வரியில் ‘இதர’ என்று அச்சாகியிருந்தது.

“தம்பி, இதை ‘கைவேலை’னு போட்டுக் குடுங்க” என்றேன்.

கடைப் பையன் திரையில் மேலும் கீழும் தேடினான். “அப்படி ஒரு ஐட்டம் இதுல இல்லையே சார்” என்றான்.