தைப்பிங்கில் பத்து நாள் மௌனம்

வானொலியில் வேலை செய்யும் எங்களுக்கு எது பெரிய பயம் தெரியுமா? தப்பாகப் பேசிவிடுவது அல்ல, பேசாமல் இருப்பதுதான். சில விநாடிகள் ஒலி நின்றாலே நிலையத்தில் எச்சரிக்கை விளக்கு எரியத் தொடங்கிவிடும். பாடல் முடிந்ததும் நான் பேச வேண்டும். நான் முடித்ததும் விளம்பரம் வர வேண்டும். நடுவில் இடைவெளியே கூடாது. பத்து ஆண்டுகளுக்கும் மேலாக இப்படியே பழகிப்போன எனக்குக் கடந்த ஆண்டு குரல் கம்மியது.

காது, மூக்கு, தொண்டை மருத்துவர் மெல்லிய குழாய் கேமராவை விட்டுப் பார்த்தார். குரல் நாண்களில் இரண்டு சின்னத் தடிப்புகள். “பத்து நாளைக்கு ஒரு வார்த்தை பேசக்கூடாது. கிசுகிசுப்பதும் கூடாது, அதுவும் தொண்டைக்குக் கெடுதல்தான்” என்றார். குரல்தான் எனக்குச் சோறு போடுகிறது. அது திரும்பாவிட்டால் என்ன செய்வேன் என்று நினைக்கவே பயமாக இருந்தது.

ஒரு பையையும் சிறு நோட்டுப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு, கே.எல். சென்ட்ரலில் இ.டி.எஸ். ரயில் ஏறினேன். மூன்று மணி நேரத்துக்கும் மேலான பயணம். தைப்பிங் நிலையத்தில் அப்பா குடையோடு நின்றிருந்தார். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மா போய் மூன்று வருடம் ஆகிறது. அதன் பிறகு எங்கள் தொலைபேசிப் பேச்சு “சாப்பிட்டீங்களாப்பா?” “சாப்பிட்டேம்மா” என்பதற்கு மேல் அதிகம் போனதில்லை.

தைப்பிங் என்றால் சீன மொழியில் பேரமைதி என்று பொருள். ஆனால் அந்த ஊர் பிறந்த கதையில் அமைதியே இல்லை. லாருட்டின் ஈயச் சுரங்கங்களுக்காக கீ ஹின், ஹாய் சான் என்ற இரண்டு சீனக் கூட்டங்கள் ஆண்டுக்கணக்கில் வெட்டிக்கொண்டன. 1874இல் பங்கோர் ஒப்பந்தம் வந்த பிறகே சண்டை ஓய்ந்தது. ஈயம் தோண்டிக் கைவிட்ட பள்ளங்களில் தண்ணீர் தேங்கியது. அந்த இடத்தைத்தான் 1880இல் ஏரிப் பூங்கா ஆக்கினார்கள். நாட்டின் முதல் ரயில் பாதையும் 1885இல் இங்கிருந்துதான் போர்ட் வெல்டுக்குப் போனது. இதைச் சொல்லும்போது மட்டும் அப்பாவுக்குக் குரல் கொஞ்சம் உயரும்.

தினமும் காலை ஆறரைக்கு அப்பா ஏரியைச் சுற்றி நடப்பார். நானும் போனேன். முதல் நாள் காதில் பாட்டு, கையில் காலடி எண்ணும் கடிகாரம். அப்பா ஒன்றும் சொல்லவில்லை, அவர் பாட்டுக்கு மெதுவாக நடந்தார். மூன்றாம் நாள் இரண்டையும் வீட்டிலேயே வைத்துவிட்டேன். அன்றைக்குத்தான் அந்த ஊர் என் காதில் விழுந்தது. தண்ணீரில் மீன் துள்ளும் சத்தம், பின்னால் வரும் சீனப் பாட்டியின் செருப்புச் சத்தம், அப்பா மூச்சு வாங்கும் சத்தம். அவருக்கு இவ்வளவு மூச்சு வாங்கும் என்பதே அதுவரை எனக்குத் தெரியாது.

ஏரியோரச் சாலையில் நிற்பவை நூறு வயதைத் தாண்டிய தூங்குமூஞ்சி மரங்கள். கிளைகள் சாலையின் மேலாக வளைந்துபோய்த் தண்ணீரைத் தொடுகின்றன. சாயங்காலம் இலைகளை மூடிக்கொள்வதால் மலாய்க்காரர்கள் இதை ‘புக்குல் லிமா’, அதாவது ஐந்து மணி மரம் என்கிறார்கள். நிமிர்ந்து பார்த்துக்கொண்டே அதன் அடியில் உட்கார்ந்திருப்போம்.

ஐந்தாம் நாள் அப்படி உட்கார்ந்திருந்தபோது, அப்பா தானாகவே பேச ஆரம்பித்தார்.

“உங்கம்மா கடைசி மாசத்துல வலியில துடிச்சாம்மா. நீ போன் போட்டா மட்டும் எழுந்து உட்காந்துக்குவா.”

நோட்டில் எழுதி நீட்டினேன்: ஏன் என்கிட்ட சொல்லலை?

அப்பா கண்ணாடியைச் சரிசெய்து படித்தார். “நீ எங்க இடம் விட்ட? நிகழ்ச்சி, நேயர்னு பத்து நிமிஷம் நீயே பேசுவ. பிள்ளை சந்தோஷமா பேசறா, பேசட்டும்னு போனை வச்சிடுவா.”

கோபமாகச் சொல்லவில்லை, ரயில் நேரம் சொல்வதைப் போலச் சொன்னார். குரல் இருந்திருந்தால் உடனே ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன். அழுதுகொண்டே, “எனக்கு எப்படிப்பா தெரியும்?” என்று அவர் வாயை அடைத்திருப்பேன். என்னால் பேச முடியவில்லை. அதனால் அவர் தொடர்ந்தார். அம்மா கடைசியாகச் சாப்பிட ஆசைப்பட்டது, இந்த ஏரியோரம் அவர்கள் கல்யாணமான புதிதில் நடந்தது எல்லாம் அன்றைக்குத்தான் கேட்டேன். மழை பிடித்துக்கொண்டது. ஆண்டுக்கு ஏறத்தாழ 4,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊர் அது. ஒரே குடையில் நனைந்துகொண்டே வீடு வந்தோம்.

மறுநாள் புக்கிட் லாருட் போகும் சாலையில் இருக்கும் போர்க் கல்லறைக்குக் கூட்டிப் போனார். சாலையின் ஒரு பக்கம் கிறிஸ்தவ வீரர்கள். மறு பக்கம் இந்திய, கூர்க்கா வீரர்கள். இரண்டாம் உலகப் போரில் இறந்த 850க்கும் மேற்பட்டோர் அங்கே இருக்கிறார்கள். அவர்களில் 500க்கும் மேற்பட்டவர்களுக்குப் பெயர் தெரியாது. புல்லின் நடுவே பெயரில்லாத கற்களைப் பார்த்தபடி இருவரும் வெகுநேரம் நின்றோம். அம்மாவிடம் இனிக் கேட்க முடியாததை எல்லாம் அங்கேதான் நினைத்துப் பார்த்தேன்.

பத்தாம் நாள் முடிந்து, பேச்சுப் பயிற்சிக்குப் பிறகு குரல் மெல்லத் திரும்பியது. வேலைக்கும் திரும்பிவிட்டேன். வானொலியில் இன்றும் இடைவெளி விட முடியாது, விளக்கு எரிந்துவிடும்! ஆனால் ஞாயிற்றுக்கிழமை அப்பாவை அழைத்தால், “எப்படி இருக்கீங்கப்பா?” என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருக்கிறேன். முதலில் “நல்லா இருக்கேம்மா” என்பார். கொஞ்சம் பொறுத்தால், “முட்டிதான் ரெண்டு நாளா...” என்று தொடங்குவார். மன அமைதி என்று பெரிதாக எதுவும் எனக்குக் கிடைத்துவிடவில்லை. ஆனால் இப்போது அந்த இடைவெளிக்கு நான் பயப்படுவதில்லை.

தைப்பிங் போனால், வெயில் ஏறுவதற்குள் காலையிலேயே ஏரிக்குப் போய்விடுங்கள். பிறகு செண்டோல் சாப்பிடலாம். யாரையாவது கூட அழைத்துப் போங்கள். அவர்களைப் பேச விடுங்கள். குடையை மறந்துவிடாதீர்கள்.