வர்தாவில் விழுந்த வேம்பு

2016 டிசம்பர் 13, செவ்வாய்

நேற்று மதியத்துக்கு மேல் வர்தா புயல் கரையைக் கடந்தது. காற்று அடங்க ராத்திரி ஆகிவிட்டது. விடிந்து பார்த்தால் ஒரகடம் சாலையில் விளம்பரப் பலகை, தகரக் கூரை, மின்கம்பம் எல்லாம் ஒன்றாகக் கிடக்கின்றன. எங்கள் வேம்பு வேரோடு சாய்ந்து மாட்டுக்கொட்டகை மேல் படுத்திருக்கிறது. மாடுகளை முன்னாடியே அவிழ்த்துவிட்டிருந்தோம். கரண்ட் இல்லை. போன் இல்லை.

டிசம்பர் 14

அம்மா இன்றும் வாசல் பக்கம் வரவில்லை.

டிசம்பர் 16, வெள்ளி

மார்கழி பிறந்தது. ஊர்க் கோயிலில் மைக் இல்லாமல் திருப்பாவை பாடினார்கள்.

விறகுக்காரர் வந்தார். வண்டலூர் பூங்காவில் ஆயிரக்கணக்கில் மரம் விழுந்துவிட்டதாம். இனி விறகு விலை படுத்துவிடும், இப்போதே கொடுத்துவிடுங்கள் என்றார். "மூவாயிரம் தரேன், வேரையும் நானே தோண்டி எடுத்துக்கறேன்." ஐநூறும் ஆயிரமும் செல்லாதென்று சொல்லி ஒரு மாதம் தாண்டிவிட்டது, ஏ.டி.எம்.மில் இன்னும் வரிசை. அவர் கையில் புது நோட்டு இருந்தது. நான் தயங்கினேன். அம்மா திண்ணையில் உட்கார்ந்தபடியே, "விறகுக்கு இல்ல" என்றாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

எனக்குப் புரிகிறது. கழனி தொழிற்பேட்டைக்குப் போனபோது பணம் வந்தது, வீடு மாடியானது, எனக்குப் பக்கத்துக் கம்பெனியில் மெயின்டனன்ஸ் வேலையும் கிடைத்தது. பழைய இடம் என்று கைகாட்ட மிஞ்சியது இந்த மரத்தடிதான்.

மில்லில் விசாரித்தேன். மரத்தைக் கொண்டுவந்து இறக்கினால் அறுத்துத் தருவார்களாம். ஆனால் கிரேன், ஜே.சி.பி. எல்லாம் சாலையில் விழுந்ததை எடுக்கப் போயிருக்கின்றன. அடிமரம் இரண்டு கைக்கும் அடங்காது. கிடக்கிற இடத்திலேயே பலகையாக்க வேண்டும்.

மாமாவிடம் ஒரு பழைய ஸ்டில் 070 செயின் ரம்பம் இருக்கிறது.

டிசம்பர் 18, ஞாயிறு

மிஷினை மாமா சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தார். முப்பது வருஷத்துக்கு முன் கேரளத்து மர கான்ட்ராக்டர் ஒருவரிடம் வாங்கியது. 106 சி.சி.; ஊரில் பாதிப்பேர் ஓட்டுகிற ஸ்பிளெண்டர் பைக்கின் எஞ்சினை விடப் பெரியது. இன்றைய ரம்பங்களில் இருக்கும் செயின் பிரேக் இதில் கிடையாது, அதிர்வைக் கையில் ஏறாமல் தடுக்கும் ரப்பரும் கிடையாது. மாமாவோடு வந்த அறுப்புக்கார அண்ணனின் விரல்கள் காலைக் குளிரில் வெளுத்து மரத்துப்போகின்றன. அதைக் காட்டியபோது சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அது அதிர்வால் வருகிற வியாதி. கம்பெனியில் கிரைண்டர் பிடிப்பவர்களுக்கு இதைப் பற்றிப் பாடமே எடுக்கிறார்கள். இவருக்கு யார் எடுத்தார்கள்?

காலையெல்லாம் அவர் அரம் பிடித்தார். மரத்தைக் குறுக்கே துண்டுபோட செயின் பல்லின் வாய் 30 டிகிரி சாய்ந்திருக்கும். நீளவாக்கில் பலகை இழுக்க அதைப் 10 டிகிரிக்குக் கொண்டுவர வேண்டும். ஒவ்வொரு பல்லாக, இரண்டு பக்கமும் ஒரே அளவில். ஒரு பக்கம் கூடினால் பலகை கோணும் என்றார்.

பதினோரு மணிக்குக் கயிற்றை இழுத்தார். பிடித்தது. கொஞ்ச நேரத்தில் அவர் விசையைத் தொடாமலே எஞ்சின் கட்டறுத்த காளை போல எகிறியது. உடனே அணைத்துவிட்டார். "மூச்சு லீக்காவுது தம்பி. எங்கேயோ காத்து உள்ள இழுக்குது. இப்பிடியே ஓட்டினா பிஸ்டன் பிடிச்சுக்கும்."

சைலன்சர் வாயையும் கார்புரேட்டர் வாயையும் சைக்கிள் டியூப் துண்டால் அடைத்தார். பிளக் ஓட்டை வழியாகப் பம்பில் மெல்லக் காற்றடித்தார். அம்மாவிடம் சோப்புத் தண்ணீர் வாங்கித் தடவினார். கிராங்க் தண்டு வெளியே வருகிற இடத்தில் நுரை பூத்தது. ஆயில் சீல். வயதான ரப்பர், கல்லாகிவிட்டது.

அம்மா சோப்புக் கிண்ணத்தோடு மரத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள் என்பது இப்போது எழுதும்போதுதான் நினைவுக்கு வருகிறது.

டிசம்பர் 19

நைட் ஷிப்ட்.

டிசம்பர் 22, வியாழன்

ஷிப்ட் முடிந்து நேரே சென்னை. ரம்பம் விற்கும் கடையில் மாடல் பெயரைச் சொன்னதும் இல்லை என்று தலையாட்டிவிட்டார்கள். இன்னொரு கடையில் சீனாவில் அச்சு அசலாகச் செய்த 070 சிலிண்டர், பிஸ்டன் எல்லாம் இருக்கிறது, முழு செட்டாகத்தான் தருவார்களாம். நல்ல சிலிண்டரைக் கழற்றிவிட்டு அதை மாட்ட எனக்கு மனசில்லை. புதுப்பேட்டையில் கார், பைக் பாகம் மலைமலையாக இருக்கிறது. ரம்பம் என்றால் சிரிக்கிறார்கள்.

பாரிமுனைப் பக்கம் பேரிங் கடையில் ஒரு பெரியவர், "மிஷின் பேரு எதுக்கு சார்? சீலைக் காட்டுங்க" என்றார். துடைத்து வெளிச்சத்தில் பிடித்தார். முதுகில் உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் என்று மூன்று எண்கள் தேய்ந்தும் தேயாமலும் இருந்தன. தேய்ந்ததை வெர்னியரில் அளந்துகொண்டார். ஏணியில் ஏறி ஒரு டப்பாவை இறக்கினார். அது ரம்பத்துக்கென்று செய்ததே இல்லை. அளவு ஒன்று, அவ்வளவுதான்.

இரண்டாயிரம் நோட்டுக்குச் சில்லறை இல்லை. கார்டு மிஷினும் வேலை செய்யவில்லை. பக்கத்துக் கடைகளில் எல்லாம் கேட்டு, கடைசியில் டீக்கடைக்காரர் மாற்றித் தந்தார். மனசு லேசாகிவிட்டது. பஸ்ஸில் தூங்கிவிட்டேன்.

டிசம்பர் 25

புது சீல் போட்டாயிற்று. அதே நுரை. யாரோடும் பேசப் பிடிக்கவில்லை.

டிசம்பர் 28, புதன்

எங்கள் கம்பெனி ஸ்டோரில் ஒவ்வொரு பாகத்துக்கும் கோடு உண்டு. கம்ப்யூட்டரில் அடித்தால் எந்த அலமாரி, எத்தனை இருப்பு என்று வந்துவிடும். ஒரகடத்தில் லாரி செய்கிற டெய்ம்லரின் தலைமையகம் ஷ்டுட்கார்ட். ஆந்திரேயாஸ் ஸ்டில் 1926-ல் தன் பெயரிலான இந்த ரம்பக் கம்பெனியைத் தொடங்கியதும் அதே ஊரில்தான். இப்படிப்பட்ட தொழிற்பேட்டையில் வேலை பார்த்துக்கொண்டு ஒரு ரப்பர் வளையத்துக்கு வழியில்லாமல் நிற்கிறேன்.

ஸ்ரீபெரும்புதூர் போகும் வழியில் ஒரு பழைய லேத் பட்டறை. ஒரே மிஷின், ஒரே ஆள். கிராங்க் தண்டை விரல் நகத்தால் வருடினார். "சீல் புதுசு, தண்டு பழசு. முப்பது வருஷம் ஒரே இடத்துல உரசி கோடு விழுந்துருக்கு பாரு. அந்தக் கோட்டுலதான் காத்து பூருது." தண்டை மாற்ற வேண்டியதில்லை, சீலின் உதடு கோடு விழாத இடத்தில் உட்கார்ந்தால் போதும் என்றார். சீலுக்குப் பின்னால் கொடுக்க மெல்லிய வளையம் ஒன்று கடைந்தார். அதை நெம்பர் பார்த்துச் செய்யவில்லை, வைத்துப் பார்த்து, எடுத்து, இன்னொரு இழை சீவி, மறுபடி வைத்துப் பார்த்தார்.

அறுபது ரூபாய் கேட்டார். என்னிடம் மறுபடியும் இரண்டாயிரம். "பொங்கலுக்குள்ள குடு."

பட்டறைக்கு வாடகை கட்டுவதே சிரமமாக இருக்கிறதாம். பெரிய கம்பெனிகள் ஆயிரக்கணக்கில் ஆர்டர் கொடுக்கின்றன. அவ்வளவு செய்ய இவரிடம் மிஷின் இல்லை. ஒன்றே ஒன்று வேண்டுமென்று வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். இந்த வட்டாரம் இவரை இழந்தால் அது பெரிய நஷ்டம். எந்தக் கணக்கிலும் அது ஏறாது.

2017 ஜனவரி 1, ஞாயிறு

நுரை இல்லை. மிஷின் நின்ற இடத்தில் நிதானமாக உறுமியது.

காவி தடவிய நூலை அடித்துக் கோடு போட்டார் அண்ணன். ரம்பம் மரத்துக்குள் போனதும் பொடி மாவாகக் கொட்டியது. வாயெல்லாம் கசப்பு. குறுக்கே துண்டு போடுவது போல் இல்லை இது. அடி அடியாகத்தான் நகர்கிறது, எஞ்சின் மூச்சுவிட அவ்வப்போது நிறுத்த வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு இழுப்பிலும் ஏறக்குறைய பத்து மில்லிமீட்டர் மரம் தூளாகிப் போகிறது. மில் ரம்பத்தில் இவ்வளவு சேதாரம் இல்லை. ஆனாலும் முதல் பலகை விலகி விழுந்தபோது உள்ளே வைரம் சிவந்து தெரிந்தது. ஓரத்தில் வெளிறு கொஞ்சம்தான். அம்மா வந்து உள்ளங்கையால் தடவினாள். "நல்லா வெளஞ்சிருக்கு" என்றாள்.

அரைமணிக்கொரு தரம் அண்ணனை நிறுத்தச் சொன்னேன். கையைத் தேய்த்துச் சூடாக்கச் சொன்னேன். முதலில் கோபப்பட்டார்.

ஜனவரி 14

பொங்கல். லேத்காரருக்கு அறுபது ரூபாயும் கொஞ்சம் கரும்பும்.

ஜனவரி 20, வெள்ளி

அறுப்புக்கார அண்ணனின் மகன் மெரினாவில் ஜல்லிக்கட்டுப் போராட்டத்தில் உட்கார்ந்திருக்கிறான். அவருக்கு வேலையில் மனம் ஒட்டவில்லை. ரம்பத்தைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஜனவரி 29, ஞாயிறு

பலகைகளை நடுவில் ரீப்பர் கொடுத்து நிழலில் அடுக்கியாயிற்று. வெடிக்காமல் இருக்க முனைகளில் பெயின்ட். ஆசாரி வந்து பார்த்தார். ஓர் அங்குலத் தடிமனுக்கு ஒரு வருஷம் காய வேண்டும், அடுத்த தைக்கு முன்னால் கை வைக்காதே என்றார். என்ன செய்வது என்று அம்மா இன்னும் சொல்லவில்லை. கட்டிலா, கதவா, தெரியவில்லை.

செயின் ஓடுகிற ஸ்பிராக்கெட்டும் பல் தேய்ந்திருக்கிறது. அடிமரத்தில் பாதி அப்படியே கிடக்கிறது. மாமா மிஷினை எடைக்குப் போட்டுவிடலாம் என்கிறார், நான் வேண்டாம் என்கிறேன், இன்னும் முடிவாகவில்லை.

பழைய மிஷின் வைத்திருப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கழற்றிய சீலையும் பேரிங்கையும் குப்பையில் போடாதீர்கள். புதியது மாட்டி மிஷின் ஒழுங்காக ஓடும்வரை பழையது கையில் இருக்கட்டும். கடைக்காரருக்கும் லேத்காரருக்கும் காட்ட வேறு எதுவும் இல்லை.