இரும்புக் கடைச் சத்தமும் இரண்டு சி.டி.யும்

பரணைச் சுத்தம் செய்தபோது ஒரு பிஸ்கட் டப்பா நிறைய சி.டி. கிடைத்தது. பையன் காலேஜில் படித்த காலத்தில் நண்பர்களிடம் வாங்கிக் காப்பி எடுத்தவை. அவன் அதைப் போடும்போதெல்லாம், "இது பாட்டா, இரும்புக் கடையா?" என்று கத்துவேன். ஒருநாள் பிளக்கையே பிடுங்கிவிட்டேன். அதன்பின் ஹெட்போனுக்கு மாறிவிட்டான். என்னோடு பேச்சும் குறைந்துபோனது. இப்போது பெங்களூரில் வேலை. ஞாயிறுதோறும் போன் வரும். "பி.பி. மாத்திரை போட்டாச்சாப்பா?" என்பான். இரண்டு நிமிடத்தில் போன் அவன் அம்மாவிடம் போய்விடும்.

மேலாகக் கிடந்த இரண்டில் 'அங்க்ரா 1', 'அங்க்ரா 2' என்று மார்க்கரில் எழுதியிருந்தது. வேலையற்ற மத்தியானம். பழைய டி.வி.டி. பிளேயரில் போட்டேன். வீட்டுக்காரி என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

அங்க்ரா என்பது பிரேசில் நாட்டின் சாவோ பாவ்லோ நகரத்துக் குழு. இந்த வகைக்குப் பவர் மெட்டல் என்று பெயராம். குதிரைப் பாய்ச்சலில் டிரம்ஸ், அதற்கு மேல் உச்சஸ்தாயியில் குரல். நடுநடுவே தாளமும் நடையும் மாறிக்கொண்டே இருப்பதால் முன்னால் 'புரோகிரஸிவ்' என்றும் சேர்த்துக்கொள்கிறார்கள்.

முதல் ஆல்பம் 'ஏஞ்சல்ஸ் க்ரை', 1993-ல் வந்தது. ஜெர்மனிக்கே போய்ப் பதிவு செய்திருக்கிறார்கள். தொடக்கமே ஷூபர்ட்டின் முடிவுறாத சிம்பொனியிலிருந்து. பிறகு ஒரு பாட்டில் விவால்டி எட்டிப் பார்க்கிறார். இங்கிலாந்துப் பாடகி கேட் புஷ்ஷின் பாட்டு ஒன்றையும் பாடியிருக்கிறார்கள். பாடகர் ஆந்த்ரே மாத்தோஸ் மேற்கத்திய இசையை முறையாகப் படித்தவர். குரல் எங்கெங்கோ ஏறுகிறது, பிசிறே இல்லை. ஆனால் கேட்கக் கேட்க, ஐரோப்பியப் பரீட்சையில் நூற்றுக்கு நூறு வாங்கப் போன கெட்டிக்காரப் பையன்தான் ஞாபகத்துக்கு வந்தான். ஒரே ஒரு பாட்டின் ஆரம்பத்தில் மட்டும் கிதாரில் அவர்கள் ஊர் நாட்டுப்புற வாசனை லேசாக அடிக்கிறது.

இரண்டாவது 'ஹோலி லேண்ட்', 1996. அந்த வாசனைதான் இதில் சமையலே. போர்த்துக்கீசியர் கப்பலேறி பிரேசிலுக்கு வந்த காலத்துக் கதை. 1500-ல் அங்கே கரை தொட்ட கப்ரால், உண்மையில் நம் கோழிக்கோட்டுக்கு மிளகு வாங்கக் கிளம்பியவர். அதே வருடம் இங்கும் வந்து சேர்ந்தார். அந்தப் பயணத்தின் பாதிவழிக் கதைதான் இது என்று நினைத்ததும் ஏதோ சொந்தக்காரர் வீட்டு விஷயம் கேட்பதுபோல் ஆகிவிட்டது.

'கரோலினா போர்' என்றொரு பாட்டு, பத்து நிமிடத்துக்கு மேல். முதலில் கைத்தாள வாத்தியங்கள், போர்த்துக்கீசிய மொழியில் கோஷ்டிகானம். ஆப்பிரிக்க அடிமைகளோடு பிரேசிலுக்கு வந்த கடல் தெய்வம் இயெமாஞ்சாவை வாழ்த்துகிறார்கள். அப்புறம்தான் மின் கிதார்கள் வருகின்றன. தனி ஆவர்த்தனம் கேட்டுப் பழகிய காதுக்கு அந்தத் தாளங்கள் அந்நியமாகவே இல்லை. குறை இல்லாமல் இல்லை. நடுவில் கொஞ்சம் தொய்வு உண்டு. கடைசித் தாலாட்டு சட்டென்று முடிந்து ஏமாற்றுகிறது. முதல் ஆல்பத்தின் வேகம் இதில் பாதிதான். இருந்தாலும் நான் திரும்பத் திரும்பப் போட்டது இதைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை மாத்திரைக் கேள்வி வந்ததும், "அது இருக்கட்டும். அங்க்ராவில் ரெண்டாவதுதான் ஒசத்தி" என்றேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு, "இல்லப்பா, மொத ஆல்பம்தான். அந்த ஸ்பீடு எங்க, இது எங்க!" என்று ஆரம்பித்தான். இருபத்தைந்து நிமிடம் சண்டை போட்டோம். அவன் அம்மா போனுக்காகப் பக்கத்திலேயே நின்றிருந்தாள்.

"அந்தப் பாடகர் இப்ப எங்கடா பாடறார்?" என்று கேட்டேன்.

"இல்லப்பா. 2019 ஜூன்ல போயிட்டார். ஹார்ட் அட்டாக். நாப்பத்தேழு வயசுதான். ஒரு ஞாயித்துக்கெழம, உங்களுக்குப் போன் பண்றதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் படிச்சேன்."

"சொல்லவே இல்லையேடா?"

"உங்ககிட்ட என்னன்னு சொல்றது?"

அன்றைக்கும் பி.பி. மாத்திரையைப் பற்றித்தான் கேட்டிருப்பான். நானும் போட்டாச்சு என்று சொல்லியிருப்பேன்.

மூன்றாவது ஆல்பமும் அதே டப்பாவில் அடியில் இருக்கிறதாம். கேட்டுவிட்டுச் சொல்லச் சொல்லியிருக்கிறான். ஸ்டூலைப் பிடித்துக்கொள்ள ஆள் வந்ததும் ஏற வேண்டும்.