பிரெஞ்சு வகுப்பில் நீரும் குப்பையும்

நம் நாட்டுக் கல்லூரிகளில் முதற்பகுதி மொழிப் பாடமாகப் பிரெஞ்சைக் கொள்வார் பலர். அவருட் பெரும்பாலோர் அதனைக் கொள்வது மதிப்பெண் கருதியே என்பது யாவரும் அறிந்ததொன்று. அதனை யாம் குறை கூறவில்லை. ஆயின், பருவந்தோறும் நன்கு தேறிய மாணாக்கர், "உம் ஊரில் மழை பெய்ததா?" என ஒருவர் அம்மொழியில் வினவினால் வாய் திறவாது நிற்பதைக் காணுந்தோறும், கற்பிக்கும் எமக்கு உண்டாகும் வருத்தம் சிறிதன்று. இதன் காரணம் யாதென ஆராயின், அவர்தம் பாடநூல்கள் பேசக் கொடுக்கும் பொருள்களே எனத் தோன்றும். பாரிசு நகரத்துச் சிற்றுண்டிச் சாலையிற் காப்பி கேட்டு வாங்கும் உரையாடலை எத்துணை முறை ஒப்புவித்தாலும், ஒப்புவிப்பார்க்குத் தம்முடையதாகச் சொல்லவேண்டுவது அதில் ஒன்றுமில்லை.

ஆதலின், சில ஆண்டுகளாக யாம் நீர், குப்பை, வெயில், மரம் என்னும் இவற்றைக் கொண்டே பிரெஞ்சு கற்பித்து வருகின்றோம். சுற்றுச்சூழல் என்பது பாடநூல்களில் இல்லாததன்று. ஆனால் அது பெரும்பாலும் நூலின் பிற்பகுதியில், புவி வெப்பமாதல், பசுங்குடில் வாயு முதலிய பெருஞ்சொற்களின் பட்டியலாக வருகின்றது. மாணாக்கர் அவற்றை மனனஞ்செய்து தேர்வுத்தாளில் இறக்கி வைத்துவிடுகின்றனர். யாமோ முதற்பருவத்திலேயே தண்ணீரிலிருந்து தொடங்குகின்றோம்.

பிரெஞ்சில் அளவு குறியாது நீரைச் சொல்லுங்கால் 'து லோ' எனல் வேண்டும். வாளி நீர், போதிய நீர் என அளவு கூறுங்காலும், நீரில்லை என மறுக்குங்காலும் அது 'தோ' எனச் சுருங்கும். பலகையில் எழுதிப் பன்முறை விளக்கியும் பதியாத இவ்விதி, 2019-ம் ஆண்டுக் கோடையைப் பற்றிப் பேசியபோது பதிந்தது. அவ்வாண்டிற் சென்னைக்கு நீர் தரும் ஏரிகள் வற்றியதும், சூலை 12-ம் நாள் சோலையார்பேட்டையிலிருந்து 50 வாகன்களில் 25 இலட்சம் லிட்டர் நீர் ரயிலில் வந்து சேர்ந்ததும் பலர்க்கு நினைவிருக்கும். அப்போது சிறுவராயிருந்த நம் மாணாக்கர் குடத்துடன் லாரிக்குக் காத்து நின்றதை மறந்திலர். அதுகாறும் வகுப்பில் ஒரு சொல்லும் பேசியறியாத மாணவி ஒருத்தி எழுந்து, "எங்கள் தெருவில் நீரில்லை" எனப் பிரெஞ்சிற் கூறினாள். 'பா தோ' என்றற்குப் 'பா து லோ' என்றாள். இலக்கணப்படி அது பிழையே. ஆயினும் யாம் இடைமறிக்கவில்லை. லாரி எத்தனை மணிக்கு வரும், வீட்டிற்கு எத்தனை குடம் என அம்மொழியிலேயே வினவினோம். ஒவ்வொன்றிற்கும் விடை வந்தது. திருத்தம் அதன் பின்னரே.

இதில் ஒரு வரையறை வைத்துள்ளோம். தெருவைப் பற்றி வினவுவோமேயன்றி வீட்டைப் பற்றி வினவோம். ஒருவருடைய இல்லாமையைப் பிறர்க்குப் பாடமாக்குதல் எமக்கு உடன்பாடன்று. தாமாகக் கூறுவாராயின் கேட்போம்.

குப்பைக்கு வருவோம். குப்பைத்தொட்டியைப் பிரெஞ்சு மக்கள் 'புபெல்' என்பர். இஃது ஒரு மனிதர் பெயர். ஸேன் பகுதியின் ஆட்சித் தலைவராயிருந்த யூஜேன் புபெல் என்பார், 1883-ம் ஆண்டு நவம்பர்த் திங்களில், பாரிசு நகரத்துக் கட்டட உரிமையாளர் யாவரும் மூடியுள்ள தொட்டிகள் வைத்தல் வேண்டுமென ஆணையிட்டார். அழுகுவன ஒன்றில், தாளும் கந்தையும் ஒன்றில், கண்ணாடியும் பீங்கானும் சிப்பி ஓடும் மற்றொன்றில் என மூன்றாகப் பிரித்திடுமாறும் கூறினார். உரிமையாளர் செலவுக்கு முணுமுணுத்தனர். கந்தை பொறுக்கிப் பிழைத்தாரோ தம் வயிற்றில் அடித்ததாகக் கொதித்தனர். பிரித்திடும் வழக்கம் நிலைபெறவில்லை. பெயர் மட்டும் நிலைபெற்றது, அதுவும் பெண்பாற் சொல்லாக! மக்குங் குப்பையைப் பிரித்தற்கு மக்களுக்கு வழி செய்தல் பிரான்சு நாட்டிற் கட்டாயமானது 2024 சனவரி முதல் நாளிலிருந்துதான். இக்கதையைக் கேட்ட மாணாக்கர்க்குப் பெயர்ச்சொல்லின் பாலும் இறந்தகால வினையும் ஒருங்கே கைவந்தன. அன்றியும், கந்தை பொறுக்குவாரின் கட்சியை எடுத்துப் பேச நால்வர் முன்வந்தனர். நம் ஊரிற் பழந்தாள் பொறுக்குவாரை அவர் அறிவரன்றோ?

சொற்களே சில வேளை வழக்காடத் தூண்டும். நிலைத்த வளர்ச்சி என்பதற்குப் பிரெஞ்சார் ஆளும் 'துராப்ள்' என்னும் அடை, நெடுநாள் நீடிப்பது எனப் பொருள்படும். "அங்ஙனமாயின் பிளாஸ்டிக்கும் துராப்ள் அன்றோ?" என ஒரு மாணவன் கேட்டான். அவ்வினாவை வினவ அவன் கொண்ட ஐந்து சொற்களிற் பிழையொன்றுமில்லை.

இம்முறையில் இடரும் உண்டு. 'இல் ஃபோ', அஃதாவது 'வேண்டும்' என்பதைக் கற்ற அன்றே வகுப்பு முழுதும் பிரசங்கிமாராய்விடும். மரம் நடவேண்டும், நீரைச் சேமிக்கவேண்டும் என ஆளுக்கொரு வாக்கியம், ஒன்றிலும் உயிரில்லை. ஆலயத்திற்குரியதை வகுப்பறைக்குக் கொணர்தல் எதற்கு? ஆகவே, விடுதி உணவுச்சாலையில் எஞ்சிய சோற்றை ஒரு கிழமை நிறுத்துக் கணக்கெழுதி வந்த பின்னரே அச்சொல்லை ஆள விடுகின்றோம். தொண்ணூற்றை 'நான்கிருபது பத்து' எனக் கூறும் மொழியில் அக்கணக்கைப் படித்தல் எளிதன்று. ஆயினும் நிறுத்தவன் தன் எண்ணை விட்டுக்கொடுப்பதில்லை.

இவ்வாண்டு பாரிசு ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டோம். 2015 திசம்பர் 12-ம் நாள், செல்வ நாடுகள் தம் வாயு வெளியேற்றத்தைக் குறைப்பது பற்றிய 4-ம் பிரிவின் ஆங்கில வாசகத்தில், கட்டாயங் குறித்த 'ஷல்' என்னுஞ் சொல்லை நீக்கி மென்மையான 'ஷுட்' இட்ட பின்னரே அது நிறைவேறிற்று. பிரெஞ்சில் 'துவா', 'துவ்ரே' என்னும் இரண்டிற்கும் இடையுள்ள வேறுபாடும் அத்தகையதே. கல்லூரிக்கு அருகிலுள்ள கால்வாயைப் பற்றி நகராட்சிக்கு ஒரு விண்ணப்பத்தை மாணாக்கர் இருவகையாகவும் எழுதினர். பின்னர் அனுப்பும்பொருட்டுத் தமிழாக்கப் புகுந்தபோது இடர்ப்பட்டனர். நம் 'வேண்டும்' இரண்டிற்கும் பொருந்துகின்றதே! 'செய்யலாம்' எனின் நொய்தாயிற்று. 'செய்தல் நன்று' எனின் உபதேசமாயிற்று. மணியடித்த பின்னும் வழக்குத் தீரவில்லை. முடிவில் 'வேண்டும்' என்றே எழுதிக் கையொப்பமிட்டு அனுப்பினர். கால்வாய் இன்னும் தூர்வாரப்படவில்லை.